சொல்லின் ஓசை கேட்ட சகோதரர்கள்



இங்கிலாந்தில் நாக்ஸ் என்ற பாதிரியாருக்கு நான்கு ஆண்மக்கள். மொழிகளில் வல்லவர்கள். கடைக்குட்டி ரோனால்டு, பின்னாளில் பைபிளை லத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தவர். முதல் உலகப் போரில் உளவுத் துறையில் பணியாற்றினார். அண்ணன் டில்வின், பழங்கிரேக்க ஏடுகளில் சிதைந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தவர். அவரைக் கடற்படை அழைத்துக்கொண்டது, எதிரியின் இரகசியச் செய்திகளைப் படிக்க.

1917-இல் ஒரு ஜெர்மானியச் செய்தி அவர் கைக்கு வந்தது. சில எழுத்துகள் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தன. இது கவிதையின் சந்தம் என்று அவர் செவி சொல்லியது. உண்மைதான், அனுப்பியவன் கவிதை வரிகளைச் சேர்த்திருந்தான். அந்த நுனியைப் பிடித்தே சிக்கலை அவிழ்த்தார்.

இரண்டாம் உலகப் போரில், இயந்திரம் மாற்றி எழுதிய செய்திகள் வந்தன. 1941 மார்ச்சில் அவர் பிரிவிலிருந்த இளம் பெண்கள் இத்தாலியக் கடற்படையின் செய்தியைப் படித்துக் கொடுத்தார்கள். மட்டபான் முனைப் போரில் அந்தக் கடற்படை மூன்று பெரும் போர்க்கப்பல்களை இழந்தது. அப்போதே டில்வினைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்தபடியே உழைத்து, 1943 பிப்ரவரியில் மறைந்தார். அவர் செய்த வேலை 1970-களில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

பெற்றோர்களே, பாட்டிலும் விடுகதையிலும் லயித்திருக்கும் பிள்ளையை, வீண்பொழுது போக்குகிறான் என்று கடிந்துகொள்ளாதீர்கள். மொழியறிவு எந்த நாளில் எதற்குக் கைகொடுக்கும் என்று யாருக்குத் தெரியும்?