மாட்டுக்கும் படுக்கை வேணும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், கறவை மாடு வளர்க்கும் குழு ஒன்றின் சார்பில் பேசப்பட்டது)



போன ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு எங்கள் குழுவிலிருந்து நாலு பேர் போயிருந்தோம். மாடு பார்க்கத்தான் போனோம். அந்தச் சந்தைக்குக் குதிரையும் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே ஒருத்தர் ஒரு மட்டக் குதிரையின் காலடியில் மரத்தூளைப் பரப்பி, ஈரமான இடத்தை மட்டும் அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். "எதுக்குங்க இவ்வளவு பாடு?" என்று கேட்டோம். "வைக்கோல் போட்டா நிறையத் தின்னுட்டு வயித்துவலியில உருளும். தூசி இருந்தா இருமும். ஈரத்துலயே நின்னா குளம்பு அழுகும். அதான் பார்த்துப் பார்த்துப் போடறேன்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்குள்ளே இதே பேச்சு. தினம் ரெண்டு வேளை பால் கொடுக்கிற மாட்டை நாம எதன்மேல் படுக்க விடுகிறோம்? வெறும் சிமெண்டுத் தரை. இல்லாவிட்டால் சேறு.

இதை நாங்கள் இவ்வளவு வருத்தத்தோடு பேசியதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தின ஐப்பசியில், குழுக் கடனில் மாடு பிடித்த ஐந்து பேரில் இரண்டு பேருடைய மாட்டுக்கு மடிநோய் வந்துவிட்டது. மடி கல்லு மாதிரி வீங்கி, பால் தயிர்த் திப்பியாக வந்தது. கண்ணு பட்டுடுச்சு என்று மிளகாய் சுத்திப் போட்டோம். அதிலேயே ஒரு நாள் போய்விட்டது. பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டோம். ஒரு மாடு தேறியது. இன்னொன்றுக்கு நாலு காம்பில் ஒன்று அடைத்தே போனது. ஊசி போட்ட நாட்களிலும், அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. பால் நின்றது, தவணை நிற்கவில்லை. அந்த அக்காவின் தவணையை ரெண்டு மாசம் நாங்கள் எல்லாரும் பங்கு போட்டுக் கட்டினோம்.

அன்றைக்கு வந்த டாக்டர் மடியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தரையைப் பார்த்தார். "மாடு படுக்கிற இடத்துல ஒரு நிமிஷம் மண்டி போடுங்கம்மா" என்றார். போட்டோம். எழுந்து பார்த்தால் புடவை முழங்கால் வரை ஈரம், சாணி. "உங்க முழங்காலுக்கு ஒட்டினது அதோட காம்புக்கும் ஒட்டும்" என்றார். அதன் பிறகு வாரம் ஒருமுறை ஒருத்தர் தொழுவத்தில் இன்னொருத்தர் மண்டி போட்டுப் பார்க்கிறோம். சிரிக்காதீங்க, இதைவிடச் சுலபமான சோதனை வேறில்லை.

ஒரு மாடு நாளில் பத்து முதல் பதினாலு மணி நேரம் படுத்திருக்கும். அப்படிப் படுத்து அசை போடும்போது மடிக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. படுக்கப் பிடிக்காமல் நின்றுகொண்டே இருந்தால் கால் கெடும், பாலும் குறையும். இன்னொன்று, பால் கறந்து முடித்ததும் காம்பின் துவாரம் உடனே மூடிக்கொள்ளாது, அரை மணி நேரத்துக்கு மேலேயும் ஆகும். அந்த நேரத்தில் சாணியில் படுத்தால் கிருமி நேரே உள்ளே போய்விடும். அதனால் கறந்த கையோடு தீவனம் வைத்து நிற்க வையுங்கள்.

சரி, படுக்கைக்கு எதைப் போடுவது? பலதையும் போட்டுப் பார்த்தோம். வைக்கோல் மெத்தென்று இருக்கும், ஆனால் விற்கிற விலைக்குத் தீவனத்தைக் காலில் போட மனசு வருமா? தின்று மீந்த கழிவைக்கோலைப் போடலாம், நனைந்ததும் மாற்றிவிட வேண்டும். உமி சும்மா கிடைக்கும், ஆனால் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, காற்றடித்தால் கண்ணில் விழும். கடலைத் தொலியில் பூஞ்சணம் இருந்தால் தொடவே தொடாதீர்கள், மாடு அதைக் கொறித்துப் பார்க்கும். கரும்புச் சோகையின் ஓரம் மடியைக் கீறிவிடும், நறுக்கித்தான் போட வேண்டும். மணலில் கிருமி எளிதில் வளராது என்பதால் அது நல்லதுதான், ஆனால் இன்றைக்கு மணல் விலைக்கு நம்மால் ஆகுமா?

மரத்தூள் விஷயத்தில் நாங்கள் ஏமாந்தோம். குதிரைக்காரர் போட்டதைப் பார்த்து, மர அறுவை மில்லிலிருந்து ரெண்டு மூட்டை வாங்கி வந்தோம். பச்சை மரத்தின் தூள், உள்ளே ஈரம். ஈரமான மரத்தூளில் மடிநோய்க் கிருமி நன்றாகப் பெருகும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. காய்ந்த இழைப்புச் சுருள் என்றால் பரவாயில்லை. அதிலும் தச்சுப் பட்டறையிலிருந்து வருவதைச் சலித்துத்தான் போட வேண்டும். எங்கள் மூட்டையிலேயே ஓர் ஆணி கிடந்தது. மாடு ஆணியை விழுங்கினால் அது வயிற்றிலிருந்து இருதயம் வரை குத்தும், மாடே போய்விடும்.

கடைசியில் எங்களுக்குச் சரிப்பட்டது தென்னை நார்க்கழிவு. நார் மில்லில் மலை மாதிரி குவிந்து கிடக்கிறதே, அதுதான். தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் குணமே அதன் குறையும். மழையில் நனைந்த குவியலை அப்படியே கொண்டுவந்து போட்டால் ஈரத்தை நாமே சுமந்து வந்த மாதிரி ஆகிவிடும். ரெண்டு மூணு நாள் வெயிலில் பரப்பிக் காய வைத்து, நாலு விரல் உயரத்துக்குப் போடுகிறோம். காலை மாலை சாணியையும் நனைந்த இடத்தையும் அள்ளிவிட்டு, மேலே காய்ந்ததைத் தூவுகிறோம். மூத்திர நெடி மூக்கில் ஏறினால் மொத்தத்தையும் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். தரை சரிவில்லாமல் இருந்தாலோ, கூரை ஒழுகினாலோ எந்தப் படுக்கையும் நிற்காது. முதலில் அதைச் சரி செய்யுங்கள். கொசுவுக்கு மூட்டம் போடுகிறவர்கள் தொழுவத்துக்கு வெளியே தள்ளிப் போடுங்கள், காய்ந்த நார்த்தூளும் வைக்கோலும் தீப்பொறிக்குக் காத்துக்கொண்டிருக்கும்.

கன்றுக்கு மட்டும் நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை. மார்கழிப் பனியில் கழிவைக்கோலைக் குவியலாகப் போடுகிறோம். கன்று படுத்தால் அதன் கால் வெளியே தெரியக் கூடாது, அந்த அளவு போட்டால்தான் சூடு தங்கும். தினமும் புதுசு மேலே போட வேண்டும், இல்லாவிட்டால் நனைந்ததையே மெல்லும்.

அள்ளிய கழிவை நேரே வயலில் கொட்டாதீர்கள். மக்காத நார்க்கழிவு மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். சாணி மூத்திரத்தோடு குழியில் போட்டு நன்றாக மக்க விட்டால் எரு ஆகிவிடும்.

இன்னொரு வேலையா என்று நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். தினம் கால் மணி நேரம் கூடுதலாக ஆகிறது, உண்மைதான். வீட்டு ஆம்பளைகள் அள்ளிப் போட வந்தால் இன்னும் சீக்கிரம் முடியும், அதை அவரவர் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். அந்த ஐப்பசிக்குப் பிறகு எங்கள் ஐந்து பேர் வீட்டிலும் மடிநோய்க்கு ஊசி போடவில்லை. காம்பு அடைத்த மாடு மூணு காம்பில் கறந்துகொண்டிருக்கிறது, அந்த அக்காவின் கடனில் இன்னும் நாலு தவணை பாக்கி.

நார்க்கழிவுக்கு விலை பெரிசில்லை, வண்டி வாடகைதான் செலவு. ஐந்து வீட்டுக்குச் சேர்த்து ஒரே டெம்போவில் ஏற்றி வாடகையைப் பிரித்துக்கொள்கிறோம். மழைக்கு முன்னால் அடுத்த லோடு கொண்டுவரப் போகிறோம். பக்கத்து ஊர்க் குழுக்களில் வேண்டியவர்கள், எத்தனை மாட்டுக்கு என்று உங்கள் ஊக்குநரிடம் சொல்லிவிடுங்கள். சாக்கு மட்டும் நீங்களே கொண்டு வர வேண்டும்.