அடைக்கலம் ஈகையன்று, அரசின் கடன்

(தமிழ்மன்றம் ஒன்றின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று யான் பேசப் புகும் பொருள் நம் மன்றத்தில் வழக்கமாகப் பேசப்படுவதன்று. சொல்லாய்வும் மொழிக்காப்பும் கேட்க வந்தவர்கட்கு இது சற்றுப் புதிதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு பழந்தமிழ்ச் சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன். அச்சொல் 'அடைக்கலம்.'

சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு காதை உண்டு. அறியாத ஊருக்குக் கணவனோடு வந்து நின்ற கண்ணகியைக் கவுந்தியடிகள் ஆயர்முதுமகள் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கின்றார். மாதரி செல்வத்தி அல்லள். ஆனைந்து பேணி வாழும் குடியினள். அவள் கண்ணகிக்குத் தனிமனை தந்தாள். தன் மகள் ஐயையைத் துணை வைத்தாள். சமைக்கக் கலமும் பொருளும் தந்தாள். பின்னர்க் கோவலன் கொலையுண்டான். கண்ணகி நகர் நீங்கினாள். அடைக்கலம் காக்க இயலாமற் போயிற்றே என நைந்து மாதரி தீப்புகுந்தாள் என்று அக்காப்பியமே கூறுகின்றது. அவள் தீப்புகுந்ததை யான் போற்றவில்லை. ஏற்ற பொறுப்பை அவள் எவ்வளவு பெரிதாக எண்ணினாள் என்பதையே சுட்டுகின்றேன். தமிழில் அடைக்கலம் என்பதற்கு இவ்வளவு கனம் உண்டு.

இனி என் வீட்டு வாயிலில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கின்றேன்.

சில ஆண்டுகட்கு முன் ஒரு மழைநாள் இரவு. என்னிடம் பத்தாம் வகுப்பிற் பயின்ற பெண்ணொருத்தி கைக்குழந்தையோடு வந்து நின்றாள். "ஐயா, இன்றிரவு மட்டும் அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன்" என்றாள். என் மனைவி ஒன்றும் வினவாமல் உள்ளே அழைத்துச் சென்றார். மறுநாட் காலை, பக்கத்து ஊரில் தொண்டமைப்பு ஒன்று நடத்திவந்த மகளிர் புகலகத்திற்குத் தொலைபேசியிற் பேசினேன். பொறுப்பிலிருந்த அம்மையார் சொன்ன விடை இன்னும் என் காதில் நிற்கின்றது: "ஐயா, படுக்க இடம் இருக்கிறது. சோறு போடத்தான் வழியில்லை. ஏழு மாதமாக அரசுப் பணம் வரவில்லை. காவலுக்கு இருந்த அம்மாவும் நின்றுவிட்டார். காவல் இல்லாத வீட்டில் ஒரு பெண்ணை எப்படி வைத்துக்கொள்வேன்?"

நான்கு நாள் அப்பெண் எங்கள் வீட்டிலிருந்தாள். ஐந்தாம் நாள் இருவீட்டுப் பெரியவர்களும் வந்தனர். பேசினர், இனி நேராது என்றனர், அழைத்துச் சென்றனர். யான் தடுக்கவில்லை. ஆறு திங்கள் கழித்துப் பேருந்து நிலையத்தில் அவளைக் கண்டேன். இடக்கை முழங்கைக்குக் கீழே சற்று வளைந்து பொருந்தியிருந்தது. "விழுந்துவிட்டேன் ஐயா" என்றாள். அவள் விழவில்லை என்பது அவளுக்கும் தெரியும்; எனக்கும் தெரியும்.

அன்பர்களே! அந்தக் கை வளைந்ததற்கு அடித்தவன் முதற்குற்றவாளி. திருப்பியனுப்பிய பெரியவர்களும், தடுக்காது நின்ற யானும் அடுத்த குற்றவாளிகள். ஆனால், ஏழு திங்களாக எங்கோ ஒரு மேசையில் நகராமற் கிடந்த அந்தக் கோப்புக்கு இக்குற்றத்திற் பங்கில்லையா? இதுவே என் வினா.

இஃது எங்கோ ஓரிருவர்க்கு நேர்வதென்று எண்ணி அமைதி கொள்ளாதீர்கள். தேசியக் குடும்பநல ஆய்வு என அறியப்படும் ஆய்வு ஐந்தாம் முறையாக 2019–21இல் நடந்தது. மணமான 18 முதல் 49 அகவை வரையிலான பெண்களுள், கணவனால் வன்முறைக்கு உள்ளானோர் இந்திய அளவில் நூற்றுக்கு 29 பேர். தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 38 பேர்! மொழியைத் தாய் என்கின்றோம். நாட்டைத் தாய் என்கின்றோம். வீட்டிலிருக்கும் தாயரிடம் நாம் எப்படி நடந்துகொள்கின்றோம் என்பதை அவ்வெண் சொல்லிவிட்டது. வன்முறைக்கு உள்ளானவர்களுள் பிறரிடம் உதவி நாடியவர்கள், இந்திய அளவில், நூற்றுக்கு 14 பேர் மட்டுமே என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஏனையோர் வாய் திறக்கவில்லை. அல்லது திறந்தும் உதவி கேட்கவில்லை. வாய் திறந்தால் போவதற்கு ஓரிடம் வேண்டுமல்லவா?

அவ்விடத்தை யார் அமைத்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அரசு முதலில் அமைத்ததில்லை. 1930களின் தொடக்கத்தில், கோயிலிற் பொட்டுக்கட்டும் வழக்கத்தினின்று தப்பிவந்த சிறுமியர்க்கு விடுதிகள் இடந்தர மறுத்தபோது, மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் தம் வீட்டையே திறந்துவிட்டார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. சட்டம் வருமுன்னரே கதவு திறந்தது!

பிறநாட்டிலும் இதே கதைதான். 1974 மார்ச்சில், ஆத்திரேலியாவின் சிட்னி நகரில், ஆளின்றிக் கிடந்த இரு வீடுகளிற் பெண்கள் சிலர் இசைவு கேளாமலே புகுந்து, 'எல்சி' என்னும் புகலகத்தைத் திறந்தனர். அடிபட்டு வந்த பெண்களும் குழந்தைகளும் அங்கு நிறைந்தனர். அடுத்த ஆண்டு அந்நாட்டு நடுவணரசு அதற்கு நல்கை வழங்கத் தொடங்கியது. தொண்டு முன்னே சென்றது. அரசு பின்னே வந்தது. பின்னே வந்தாலும் வந்ததே என்று மகிழ்வோம்.

நம் நாட்டிலும் 1953இல் துர்க்காபாய் தேசுமுக்கு அம்மையாரைத் தலைவராகக் கொண்டு நடுவண் சமூகநல வாரியம் அமைந்தபோது, தொண்டமைப்புகட்கு நல்கை வழங்குவதே அதன் முதன்மைப் பணியாயிற்று. ஆகவே, அரசுப் பணத்தைத் தொண்டர் கைவழி மக்களிடம் சேர்ப்பது நமக்குப் புதுமுறையன்று.

அடுத்துச் சட்டத்தைப் பார்ப்போம். 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்தோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையினின்று பெண்களைக் காக்கும் சட்டத்தை நீங்கள் அறிவீர்கள். அச்சட்டத்தின் 8ஆம் பிரிவு மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலரை அமர்த்தச் சொல்கின்றது. 10ஆம் பிரிவு, தொண்டமைப்புகள் அரசிடம் பதிவு செய்துகொண்டு உதவி புரியலாம் என்கின்றது. அவ்வமைப்பு, அடிபட்ட பெண் விரும்பினால், நிகழ்ச்சி அறிக்கையை எழுதி நடுவரிடமும் பாதுகாப்பு அலுவலரிடமும் சேர்க்கலாம். மருத்துவரிடம் ஆய்வு செய்வித்து அவ்வறிக்கையை அனுப்பலாம். அவள் வேண்டினால் புகலகத்திற் சேர்ப்பிக்கலாம். 6ஆம் பிரிவோ, அவள் சார்பில் கேட்கப்பட்டால் புகலகப் பொறுப்பாளர் இடந்தரல் வேண்டும் எனக் கட்டளையிடுகின்றது.

நல்ல சட்டம். ஆனால், இத்தனையும் செய்யும் தொண்டமைப்பிற்கு ஆண்டுதோறும் இவ்வளவு தருக என்று அச்சட்டம் அரசுக்குக் கட்டளையிடவில்லை. கடமையைச் சட்டத்தில் எழுதினார்கள். அதற்கான பணத்தைத் திட்டங்களுக்கு விட்டுவிட்டார்கள். சட்டம் நிலையானது, திட்டம் ஆண்டுக்காண்டு மாறுவது.

பணமே இல்லையா என்றால், உண்டு. 2012 திசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமையால் நாடே கொதித்தது. 2013ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஆயிரங்கோடி உருபாவுடன் நிர்பயா நிதியம் அறிவிக்கப்பட்டது. அப்பணத்திற் பெரும்பகுதி தொடக்க ஆண்டுகளிற் செலவாகாமலே கிடந்தது. ஊற்று இருந்தது, வாய்க்கால் வெட்டப்படவில்லை. 2015 முதல் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டன. 181 என்னும் தொலைபேசி எண்ணும் வந்தது. இவற்றை வரவேற்கின்றேன். ஆனால், அம்மையங்களிற் பெண்ணொருத்தி ஐந்து நாள் வரையே தங்கலாம். ஆறாம் நாள் எங்குச் செல்வாள்? நெடுநாள் தங்கும் புகலகத்திற்குத்தான் செல்லல் வேண்டும். அத்தகைய புகலகங்களுட் பலவும் நல்கையை நம்பியிருக்கும் தொண்டமைப்புகளின் கையில் உள்ளன.

நல்கை வரும் முறையை அறியாதார்க்குச் சுருங்கச் சொல்கின்றேன். பணம் தவணையாக வரும். முதல் தவணையைச் செலவழித்து, தணிக்கை செய்வித்து, பயன்பாட்டுச் சான்று அனுப்பிய பின்னரே அடுத்த தவணை. இது முறையே. ஆனால், சான்று போய்ச் சேர்ந்த பின்னும் மேசைக்கு மேசை அது நகரக் காலம் ஆகின்றது. அதற்குள் குடிக்கூலி நிற்குமா? மின் கட்டணம் நிற்குமா? குழந்தை பாலுக்கு அழாமலிருக்குமா? தாலியை அடகு வைத்துப் புகலகம் நடத்தும் அம்மையாரை யான் அறிவேன். அடைக்கலம் தருபவரே அடைக்கலம் தேடும் நிலை இது.

இனி, இதற்கு எதிராகச் சொல்லப்படும் மூன்றினைப் பார்ப்போம்.

'தொண்டுக்கு எதற்குச் சம்பளம்?' என்பார் உளர். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறப்பவளுக்கும் வயிறு உண்டு. ஆசிரியர்க்கும் காவலர்க்கும் சம்பளம் தரும் அரசு, அவர்கள் செய்ய இயலாததைச் செய்பவளை மட்டும் பட்டினி கிடக்கச் சொல்வது அறமாகாது.

'பொய்யமைப்புகள் பணத்தை விழுங்குகின்றனவே' என்பார் உளர். மெய்தான், விழுங்குவோரும் உண்டு. அவரைப் பிடிக்கத் தணிக்கை வேண்டும். திடுமென வந்து பார்க்கும் அலுவலரும் வேண்டும். களை முளைத்ததென்று வாய்க்காலை அடைத்தால் நெல்லும் காயும்.

மூன்றாவது தடையே வன்மையானது. 'அரசிடம் பணம் வாங்கினால் அரசைக் கண்டிக்க வாய் வருமா?' என்பது அது. இதற்குக் கனடா நாட்டில் நிகழ்ந்ததைச் சான்றாகச் சொல்வேன். 2006இல் அந்நாட்டு ஆட்சி, மகளிர்க்கான நல்கைத் திட்டத்தின் நோக்கவுரையினின்று நிகர்மை எனப் பொருள்படும் சொல்லையே நீக்கிற்று. சட்டத்தை மாற்றக் கோரிப் பரப்புரை செய்யும் பணிக்கு நல்கையில்லை என்றும் விதித்தது. மகளிர் நிலைக்கான அலுவலகத்தின் 16 கிளைகளுள் 12 மூடப்பட்டன. சோறு போடலாம், ஏன் சோறின்றி வந்தாள் என்று கேட்கக் கூடாது என்பதே அதன் பொருள். பின்னர் அந்நாட்டில் ஆட்சி மாறியது. 2018இல் அதே அலுவலகம் பாலின நிகர்மைக்கான முழுத்துறையாக உயர்ந்தது.

ஒரு சொல்லை எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்போர்க்கு இது விடை. சொல்லின் அருமை நம்மினும் நன்கறிந்தார் யார்? சொல் போன வழியே செயலும் போகும். ஆகவே, நல்கை வேண்டும். நல்கையோடு நாவுரிமையும் வேண்டும். அரசு தருவது அரசின் வீட்டுப் பணமன்று, மக்கள் வரிப்பணம். அடிபட்ட பெண்ணும் துணிக்கு விலை கொடுக்கும்போது வரி கட்டியவளே.

மொழி பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். நல்கைக்கான படிவமும் அறிக்கையும் ஆங்கிலத்தில் வேண்டப்படும்போது, ஆங்கிலம் எழுதத் தெரிந்த நகரத்து அமைப்பு முந்துகின்றது. சிற்றூர்ப் பெண்கள் கூடி நடத்தும் அமைப்பு, எத்தனை உயிரைக் காத்திருந்தாலும், வாயிலிலேயே நிற்கின்றது. 1956இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கச் சட்டம் இயற்றிய நாடு இது. அடிபட்டவள் தமிழில் அழுகின்றாள். அவள் அழுகையைத் துடைக்கும் கைக்கும் தமிழிலேயே எழுத உரிமை வேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. நல்கையை ஓராண்டுக்கென்று தாராமல் மூன்றாண்டுக்கேனும் உறுதி செய்க. முதல் தவணையை ஆண்டுத் தொடக்கத்திலேயே தருக. பணியாளர் சம்பளத்தையும் குடிக்கூலியையும் பிற செலவோடு கலக்காது தனியே ஒதுக்குக. அவை ஒரு திங்களும் தவறலாகாது. பெற்றதையும் செலவிட்டதையும் தமிழில் எழுதி ஊரார் பார்க்க வைக்க அமைப்புகளைப் பணிக்க. அரசைக் கண்டித்ததற்காக எவர் நல்கையையும் நிறுத்தற்க.

கேட்பதோடு நம் கடமை முடியாது. நம் மன்றத்தார் ஒவ்வொருவரும் பக்கத்திலுள்ள புகலகம் எதுவென்று இத்திங்களுக்குள் அறிந்துகொள்ளுங்கள். நல்கை வாராத திங்களில் ஒரு மூட்டை அரிசி அங்குப் போய்ச் சேரட்டும். 181 என்னும் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதுங்கள். அதனினும் முதன்மையானது ஒன்று: வாயிலில் வந்து நிற்கும் பெண்ணை, 'பொறுத்துப் போ' என்று சொல்லித் திருப்பியனுப்பும் பெரியவர் வேடத்தை நாம் இனிப் பூண வேண்டா. அவ்வேடத்தை ஒருமுறை பூண்டவன் யான். அதன் விலையைக் கட்டியவள் யானல்லேன், அவள்.

மாதரி தன் கையிலிருந்த மோரையும் மனையையும் கொண்டு அடைக்கலம் தந்தாள். கோடிகளைக் கையில் வைத்திருக்கும் அரசு அதனிற் குறைந்து நிற்கலாமா? நிற்க விடலாமா நாம்?