எந்தப் பிடி மிகுபொருள்?



இல்லறத்தார் மேற்கொள்ளும் அணுவிரதங்கள் ஐந்தனுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று. நிலம், மனை, பொன், கால்நடை, தானியம் ஆகியவற்றிற்கு எல்லை வகுப்பது ஓரளவு எளிது. அவற்றை எண்ணிவிடலாம், அளந்துவிடலாம். பரணிலும் கொட்டகையிலும் கிடக்கும் சிறு பொருள்களில்தான் மனம் தடுமாறுகிறது. 'என்றாவது உதவும்' என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்துவிடுகிறது. அடி அண்ணாமலையில் ஒரு பெரியவர் இத்தகைய பொருளொன்றைப் பற்றி முடிவெடுத்த வகையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். பொருளும் பெரிதன்று. பெஞ்ச் வைஸ் என்று பட்டறைகளில் வழங்கும் பிடிக்கருவிதான்.

அப்பெரியவர் ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அவர் வீடு மலையின் மேற்குப் பக்கம், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டியுள்ளது. பௌர்ணமி இரவுகளில் திண்ணையில் விளக்கேற்றி அமர்ந்திருப்பார். நடந்து வருவோர் குடைக்கம்பி, டார்ச் விளக்கு, மூக்குக்கண்ணாடி எனப் பழுதானவற்றைக் கொடுப்பர். கூலி வாங்காமல் சரிசெய்து தருவார். கொல்லைக் கொட்டகையில் 5 அங்குலத் தாடையுள்ள அவருடைய இரும்பு வைஸ் மேசையோடு முடுக்கப்பட்டிருந்தது. முழங்கால் வலி வந்தபின் அங்குப் போய் நின்று வேலை செய்ய இயலவில்லை. திண்ணைத் தொண்டும் மெல்லமெல்ல நின்றுபோகும் நிலை.

அப்போதுதான் பேத்தி ஒரு நெகிழி வைஸ் வாங்கி வந்தாள். அரைக் கிலோவும் இராது. அடியில் ரப்பர் உறிஞ்சி, பக்கத்தில் ஒரு நெம்புகோல்.

"தாத்தா, இனிமே திண்ணையிலேயே உட்கார்ந்து பார்க்கலாம்."

"ஏம்மா, இது வைஸா, விளையாட்டுச் சாமானா?"

கேட்டாரேயொழிய அதை ஒதுக்கவில்லை. தொழில் தெரிந்தவர் அல்லவா, சோதித்துப் பார்த்தார். முதலில் சிமெண்ட் திண்ணையில் வைத்தார், ஒட்டவில்லை. மரப்பலகையிலும் ஒட்டவில்லை. சொரசொரப்பின் வழியே காற்று உள்ளே புகுந்துவிடுகிறது. மெருகிட்ட கிரானைட் துண்டொன்றின்மேல் வைத்து நெம்புகோலை மடக்கியதும் இறுகப் பற்றிக்கொண்டது. பற்றுவது காற்றின் அழுத்தமே. அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள உறிஞ்சியின் பரப்பு 38 சதுர சென்டிமீட்டர் ஆதலால், முழு வெற்றிடமே உண்டானாலும் 40 கிலோவைத் தாங்காது. பக்கவாட்டில் உந்தினால் அதற்கும் மிகக் குறைவாகவே தாங்கும்.

அடுத்தது தாடை. ஒரு காகிதக் கீற்றைத் தாடைகளின் மேல்விளிம்பிலும், மற்றொன்றைக் கீழேயும் வைத்து முறுக்கினார். கீழ்க்கீற்று அசையவில்லை. மேற்கீற்றோ இழுத்தவுடன் கையோடு வந்துவிட்டது. முறுக்க முறுக்கத் தாடைகள் மேற்புறம் விரிகின்றன என்பது இதன் பொருள். வார்ப்பிரும்பின் விறைப்பில் நாற்பது ஐம்பதில் ஒரு பங்குதான் சாதாரண நெகிழிக்கு உண்டு. இரவில் ஒரு மரத்துண்டை இறுக்கி வைத்தார், விடியலில் பிடி தளர்ந்திருந்தது. தொடர்ந்த அழுத்தத்தில் நெகிழி மெல்ல உருமாறும். அரம் போட்டபோது அதிர்ந்தது. வாளால் அறுத்தபோது கல்லைவிட்டே கழன்றது. சுத்தியலை அவர் எடுக்கவேயில்லை. கை வெட்டுப்படுவது பெரும்பாலும் பிடி நழுவும் நொடியில்தான் என்பது அவர் அறியாததன்று.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால், தூக்கிப் போடலாம் என்றே முடிவு செய்திருப்பார். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பெரிய கருவி செய்யும் வேலையைச் சிறியதற்குக் கொடுத்துத் தேர்வு வைத்துவிட்டு, தோற்றது என்கிறார்கள்.

அவர் மறுபுறமும் பார்த்தார். இரும்புத் தாடையில் குறுக்குமறுக்காக வரிப்பற்கள் உண்டு. செம்புத் தகடோ அலுமினியத் தகடோ உறையாக இடாவிட்டால் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் தழும்பு விழும். நெகிழித் தாடை தழும்பிடுவதில்லை. டார்ச் விளக்கின் கம்பிக்கு ஈயம் பற்றவைக்கும்போது இரும்பு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் சரியாக உருகிப் பரவாது. நெகிழி வெப்பத்தை இரும்பைப் போல் இருநூறில் ஒரு பங்குகூடக் கடத்துவதில்லை. ஆனால் 300 பாகைக்கு மேல் சுடும் பற்றவைப்புக் கோலின் முனை தாடையில் பட்டால் தாடை உருகிவிடும். அதில் மட்டும் கவனம் வேண்டும். வெயிலில் போட்டு வைக்கவும் கூடாது, நாளடைவில் நொறுங்கும்.

அந்தப் பௌர்ணமியில் ஒரு மூதாட்டி மூக்குக்கண்ணாடியின் ஒரு காலைக் கையில் பிடித்தபடி வந்தார். அது இல்லாமல் இருட்டில் மீதித் தூரத்தை நடக்க அவரால் இயலாது. எள்ளளவு திருகாணி. ஒரு கை அதைப் பிடிக்கவேண்டும், மறு கை திருகவேண்டும், சட்டத்தைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? நெகிழி வைஸ் பிடித்துக்கொண்டது. சில நிமிடங்களில் மூதாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் பேத்தி கேட்டாள்: "அப்போ இதை வெச்சுக்கலாமா, தாத்தா?"

"இது இருக்கட்டும் கண்ணு. கொட்டகையில இருக்கறதைத்தான் யோசிக்கணும்."

வீட்டார் வியந்தனர். ஆயுள் முழுவதும் உழைக்கும் இரும்பு அது. ஒரு குறையும் இல்லை. இரண்டு ஆண்டுகளாக அவர் கை அதில் படவில்லை என்பது மட்டுமே வேறுபாடு. எடைக்குப் போடவும் அவர் உடன்படவில்லை. தெருக்கோடியில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு படிக்கும் இளைஞன் ஒருவனை அழைத்தார். போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்துக் கழற்றினார்கள். கொடுப்பதற்கு முன் திருகுமரையைத் துடைத்துப் புது கிரீஸ் தடவச் சொன்னார். அருகிலேயே ஒரு முக்காலியில் அமர்ந்து, கடைசிப் பற்கள்வரை துடைத்தானா என்று பார்த்தார்.

அவர் இளைஞனுக்குச் சொன்னது ஒன்றுதான்: தாடையின் மேல்விளிம்பு நிற்பவன் முழங்கை உயரத்தில் இருக்கவேண்டும், இல்லையேல் அரம் போடுபவனின் முதுகு போய்விடும். இளைஞன் வீட்டு மேசை தாழ்வானது. கொட்டகையிலிருந்த வேப்பம்பலகையையும் பேத்தியே சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.