தடிப்பில்லாத அரிப்பு

அரிப்புக்குக் களிம்பு, மெலிந்தால் 'சர்க்கரையா?' என்று ஒரு விசாரிப்பு. இரண்டையும் நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. தோலில் தடிப்போ படையோ இல்லாமல் உடம்பெங்கும் வாரக்கணக்கில் அரித்தால், காரணம் உள்ளே இருக்கலாம்: பித்தநீர்ப் பாதை அடைப்பு, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு. இன்னொன்று, லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் விவரித்த நிணநீர்ப் புற்றுநோய். ஆறு மாதத்தில் எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைவது, காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை ஆகியவற்றை வைத்து அந்நோயின் நிலையைக் கணிக்கிறார்கள். அரிப்பும் அந்த வரிசையில் இருந்ததுதான்; 1971-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் வகுத்த முறை அதை நீக்கிவிட்டது.

அப்படியானால் அரிப்பைப் பொருட்படுத்த வேண்டாமா? நீக்கியது நோயின் நிலையை அளக்கும் கணக்கிலிருந்து மட்டுமே. சிலருக்கு இந்நோயால் கழுத்தில் கட்டி தெரியும் முன்பே அரிப்பு தொடங்கிவிடுகிறது. சொறிகிறவர்களையெல்லாம் பயமுறுத்துவதா என்றும் கேட்கலாம். நியாயம்தான், பெரும்பாலும் வறண்ட தோலோ சிரங்கோதான் காரணம். ஆனால் கூடவே எடையும் இறங்கினால் அந்தச் சமாதானம் போதாது. ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் பெரிய காரியமில்லை. ஹாட்ஜ்கின் நோய் இன்று பெரும்பாலோருக்குக் குணமாகிறது. தோல் மருத்துவரிடம் போகும்போது எடை குறைந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.