பின்னே போன எஞ்சின்

கால் மைல் நேர்பாதையைச் சில விநாடிகளிற் கடக்கும் ஓட்டக் காருக்கு எஞ்சினே பெரிது என்பர் பலர். அவ்வாற்றலைச் சில்லுகளிற் சேர்க்கும் கியர்ப்பெட்டி அவர்கள் நினைவில் நிற்பதில்லை. அமெரிக்கரான டொன் கார்லிற்ஸ் அதை மறந்தாரல்லர். கிறைஸ்லரின் 426 கன அங்குல எஞ்சினுக்கென இருவேகப் பெட்டியொன்றைப் புதிதாக உருவாக்கினார். மறவாமை மட்டும் போதவில்லை. 1970 மார்ச் 8ஆந் திகதி கலிபோர்ணியாவில், புறப்பட்ட கணமே அது வெடித்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. முன்னே எஞ்சின், சாரதியின் கால்களுக்கிடையே பெட்டி. அக்காலக் கார்களின் அமைப்பு அது! மருத்துவமனைக் கட்டிலிலேயே எஞ்சினைப் பின்னுக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டார். அவ்வாறு அமைத்த கார் முதலில் நேராக ஓட மறுத்தது. ஸ்டியரிங் வளையத்தைக் கூடுதலாகத் திருப்பினாலே முன்சில்லுகள் அசையும்படி மாற்றியபின் அடங்கிற்று. 1971இல் பொமோனாப் போட்டியில் வென்றது அக்காரே.