தறி அறிந்தால் தொடர் விளங்கும்

  

பெரியநாயகி அம்மன் கோயில் கொண்டிருக்கும் தேவிகாபுரம், ஆரணிப் பட்டின் பெருமையில் பங்குடைய நெசவாளர் ஊர். அங்கும் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கில மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்கின்றனர். தொடர் ஒருபுறம், பொருள் ஒருபுறம். 'இதற்கு இப்பொருள் எப்படி வந்தது?' என்று கேட்பார் குறைவு. கேட்டால், சில தொடர்களுக்கு விடை வீட்டுத் தறியருகிலேயே கிடைக்கும்.

'டைடு இன் தி உல்' என்பது ஒரு தொடர். கொள்கையில் சற்றும் மாறாதவர் என்பது பொருள். நெய்து முடித்த துணியில் ஏற்றும் சாயத்தைவிட, நூற்குமுன் ஆட்டு மயிரிலேயே ஏற்றும் சாயம் ஆழமாகப் பற்றும். பட்டு நூலைச் சாயத்தில் தோய்த்த பின்னரே பாவு ஓட்டும் குடும்பத்துக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? தமிழிலும் 'பழமையில் ஊறியவர்' என்கிறோம்.

'ஆன் டென்டர்ஹூக்ஸ்' என்பது மற்றொன்று. கழுவிய கம்பளித் துணி சுருங்காமல் காய்வதற்காக, அதனை மரச்சட்டத்துக் கொக்கிகளில் இழுத்து மாட்டுவது இங்கிலாந்து நெசவாளர் வழக்கம். அத்துணிபோல் நெஞ்சம் இழுபட்டு நிற்கும் நிலையே அத்தொடரின் பொருள். இதனைத் தமிழில் 'கொக்கிகளின் மேல்' என்று எழுதினால் எவருக்கும் விளங்காது. 'இருப்புக் கொள்ளாமல் தவித்தான்' என்றால் விளங்கும்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கொண்டவையும் உண்டு. அரசு அலுவலகக் கட்டுகளைப் பிணைத்த சிவப்புத் துணிப்பட்டையிலிருந்து பிறந்தது 'சிவப்பு நாடா'. ஆனால், தறியில் இருப்பவருக்கு நாடா என்பது ஊடை இழையைக் கொண்டு இங்குமங்கும் விரைந்தோடும் கருவி. தாமதத்துக்கு அது பெயரானதைக் கேட்டு அவர் வியப்பதில் பிழையில்லை. 'முதலைக் கண்ணீர்' நிலைத்துவிட்டது. இரையை உண்ணும்போது முதலை அழும் என்னும் மேலைநாட்டு நம்பிக்கையின் வழி வந்தது அது. 'ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்' என்னும் நம் பழமொழியும் அதே பொருளைத்தான் சொல்கிறது.

மொழிபெயர்ப்பு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் அதனை வழிநூல் வகைகளுள் ஒன்றாக வைத்தது. பிறமொழித் தொடரை அறிவது வேறு. அதன் தோலை உரித்துத் தமிழுக்குப் போர்த்துவது வேறு.

இதில் கவிஞர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அந்த மரச்சட்டங்கள் வழக்கொழிந்தன. தொடர் மட்டும் எஞ்சியது. அதனால் ஆங்கிலம் பேசுவோரிலேயே பலர் 'டென்டர்' என்பதை 'மென்மையான' என்று பொருள்படும் 'டெண்டர்' எனப் பிழையாக எழுதுகின்றனர். தொழில் மறைந்தால் சொல் குருடாகும் என்பதற்கு அதுவே சான்று. நாமும் 'நகைச்சுவை இழையோடுகிறது', 'ஊடும் பாவுமாய்' என எழுதுகிறோம். தறியோசை அடங்கிய தெருவில் வளரும் பிள்ளைக்கு இவற்றின் பொருளையும் ஒருநாள் மனப்பாடம் செய்ய வேண்டிய நிலை வரலாம்.

நூல் என்னும் ஒரே சொல்லால் இழையையும் ஏட்டையும் குறித்த மொழி தமிழ். நூல் இயற்றுவதை நூல் நூற்பதற்கு ஒப்பிட்டது நன்னூல். ஆகவே, தொடரின் பொருள் தேடும் கவிஞர் அகராதியைப் புரட்டுக. அதனோடு தறிமேடைக்கும் ஒருமுறை சென்று வருக!