தட்டும் குளிசையும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



கொண்டாட்ட நாளில் நோயைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். இங்கே கூடியிருக்கும் எங்களில் எத்தனை பேருடைய கைப்பையில் குளிசைச் சரை இருக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். 2008இல் வெளிவந்த ஆய்வொன்று, இலங்கையில் வளர்ந்தவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்றது. அவர்களில் மூன்றில் ஒருவருக்காவது தமக்கு நோய் இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

இலுப்பைக்கடவைப் பிள்ளைகளுக்கு வயலை வைத்தே இதை விளக்கலாம். உண்ட சோறு சீனியாகி, வாய்க்கால் தண்ணீர்போல இரத்தத்தில் ஓடுகிறது. அதை உடற்கலங்களாகிய வயலுக்குள் விடும் மடையைத் திறப்பது இன்சுலின். வயிற்றில் கொழுப்புச் சேர்ந்து, உடலசைவும் குறைந்தால் மடை இறுகிவிடும். இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. மடையைத் திறக்கக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும். ஆண்டுக்கணக்கில் அப்படி உழைத்து அது களைத்ததும், வாய்க்கால் கரைமீறும். அதுவே இரண்டாம் வகை நீரிழிவு.

இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டுவதும், பிடரி கறுத்துத் தடிப்பதும், இளம் பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறுவதும் மடை இறுகுவதன் அடையாளங்களாக இருக்கலாம். கர்ப்ப காலத்தில் சீனி ஏறியிருந்தவர்கள் பிள்ளைப்பேற்றின் பின்பும் சோதித்து வரவேண்டும். வெறும் வயிற்றுச் சோதனையில் 100க்குக் கீழ் இருப்பது நல்லது. 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. இலண்டனிலும் கனடாவிலும் உள்ளவர்களின் அறிக்கையில் இந்த 126 என்பது 7 என்று இருக்கும்.

நோய் வருமுன் தட்டையும் நடையையும் திருத்துவது மருந்துக்குச் சமம். சீனி சற்றே ஏறியிருந்தவர்களை வைத்து இந்தியாவில் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவும் நடையும் நோய் வருவதை 28.5 வீதம் குறைத்தன. மெற்போமின் 26.4 வீதம் குறைத்தது. நோய் வந்தபின் கதை வேறு. அப்போது பெரும்பாலானோருக்குத் தட்டும் வேண்டும், குளிசையும் வேண்டும்.

முதலில் தட்டு. பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீன் அல்லது பருப்பு, கால்வாசி சோறு. எங்கள் வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. தவிட்டுடன் கூடிய சிவப்பரிசி நல்லதுதான், ஆனாலும் அதுவும் சோறுதான். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஒடியற் கூழுக்கும் அளவு வேண்டும். பனங்கட்டியும் சீனியை ஏற்றும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்து, வீணாகக் கூடாதென்று பானையில் மிஞ்சிய சோற்றையும் நாங்களே சாப்பிடுகிறோமே, அந்தப் பழக்கத்தை இன்றோடு விடுவோம்.

அடுத்தது குளிசை. மெற்போமின் ஈரல் வெளிவிடும் சீனியைக் குறைக்கும், மடை திறக்கவும் உதவும். சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுக் குழப்பம் குறையும். "சீனி இறங்கிவிட்டது, இனி வேண்டாம்" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். மருந்து வேலை செய்ததால்தானே அது இறங்கியது! பாகற்காய்ச் சாறு குளிசைக்கு மாற்றல்ல. அயலவரின் குளிசையை வாங்கி எடுப்பதும் ஆபத்து.

இன்சுலின் என்றதும் "கடைசிக் கட்டமா?" என்று கலங்குகிறோம். 1922 தை 11ஆம் திகதி கனடாவின் ரொறன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அது ஏற்றப்பட்டது. அதற்கு முன், முதலாம் வகை நீரிழிவு வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில காலம் உயிரோடு வைத்திருந்தார்கள். உயிரைக் காத்த மருந்தை ஒளித்து வைத்து ஏற்றுவதில் என்ன மானம் இருக்கிறது?

திருக்கேதீச்சரச் சிவராத்திரி, நோன்பு மாதம், மடு நடைப்பயணம் என்று எங்கள் எல்லோருக்கும் விரதமும் நேர்த்தியும் உண்டு. இன்சுலினோ சீனியை வேகமாக இறக்கும் குளிசையோ எடுப்பவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். வியர்த்து, நடுங்கி, தலை சுற்றினால் விரதத்தைப் பார்க்காமல் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கடவுள் கோபிக்க மாட்டார்.

2008இல் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது காணி உறுதியை எடுத்தோம், பிள்ளைகளின் சான்றிதழ்களை எடுத்தோம். மருந்தை மறந்தவர்களும் உண்டு, கொண்டு போன மருந்து முடிந்து தவித்தவர்களும் உண்டு. 2022இல் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. ஆகவே கிளினிக் கொப்பியும் இரண்டு வாரத்துக்கான மருந்தும் எப்போதும் ஒரே பையில் இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் நீர் புகாதபடி மூடிய போத்தலில் இன்சுலினை வைத்தால் எங்கள் ஊர் வெயிலின் கடுமை குறையும். அது ஒருபோதும் உறையக்கூடாது.

வெளிநாட்டுச் சகோதரிகளே, ஊருக்கு வரும்போது சொக்கிளேற்றைக் குறைத்து, சீனி பார்க்கும் கருவியையும் அதற்குரிய பட்டிகளையும் கொண்டு வாருங்கள். ஊரில் இருப்பவர்களே, நாளைக் காலையில் ஆளுக்கொரு தோழியைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போங்கள். இரவில் பாதங்களைப் பாருங்கள். சிறு புண்ணென்றாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இந்த மண்டபத்தில் இன்று கூடிய நாங்கள், அடுத்த ஒன்றுகூடலுக்கும் எங்கள் சொந்தக் கால்களால் நடந்து வரவேண்டும். எங்கள் ஆசை அவ்வளவுதான்.